பத்து மணிக்கு போன் யார்கிட்ட?

போன வாரம் முசிறிப் பக்கத்துல இருந்து தங்கச்சி மாப்பிள்ளை போன் பண்ணினார். அவர் பொண்ணு பி.எட். முடிச்சிட்டு வீட்டுல இருக்கு. சுத்துப்பட்டு நாலஞ்சு ஊர்ல இருக்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுல இருந்தே ஆன்லைன்ல கணக்கு டியூஷன் எடுக்கலாம்னு யோசனை பண்ணுதாம்.

"மச்சான், கொரோனா சமயத்துல உங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு நீங்கதானே எல்லாம் செட் பண்ணிக் கொடுத்தீங்க? எந்த ஆப் போடணும், எப்படி ஆரம்பிக்கணும், கொஞ்சம் சொல்லுங்க"ன்னார்.

ஆப் போடறது அரை மணி நேர வேலை மாப்பிள்ளை, மிச்சத்தைச் சாயந்திரம் சொல்றேன்னு வெச்சிட்டேன். சாயந்திரம் பேச உட்கார்ந்தா ஒரு மணி நேரம் ஆயிடுச்சு. அவருக்குச் சொன்னதை இங்கயும் எழுதி வெக்கிறேன். யாருக்காவது உதவும். எனக்கும் ஒரு கணக்கு தீர்க்க வேண்டியிருக்கு.

2020 மார்ச் கடைசியில ஊரடங்கு வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்க அண்ணன் மகள் அப்ப ஒரு தனியார் பள்ளியில கணக்கு டீச்சர். ஏப்ரல்ல இருந்து சம்பளம் இல்லை. ஊருக்கு வந்துட்டா. ஜூன் 9-ஆம் தேதி பத்தாம் வகுப்புப் பரீட்சையே ரத்துன்னு அரசாங்கம் அறிவிச்சது. காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் வெச்சு எல்லாரும் தேர்ச்சின்னாங்க. எங்க ஊர்ல சில பேர் சந்தோஷப்பட்டாங்க. ஒன்பதுல இருந்து பத்துக்குப் போற பிள்ளைகளுக்கு மட்டும் கலக்கம். பள்ளிக்கூடம் எப்ப திறக்கும்னு வாத்தியார்களுக்கே தெரியாது. கல்வித் தொலைக்காட்சியில பாடம் போடறாங்க, ஆனா டிவி கேள்வி கேட்டா பதில் சொல்லாது.

ஒரு நாள் அண்ணன் மகள் வந்தா. "சித்தப்பா, ஒம்போது பத்து படிக்கிற பிள்ளைங்க நம்ம ஊர்ல இருபத்திமூணு பேர் இருக்காங்க. காசு எதுவும் வேண்டாம். போன்லயே கணக்கு எடுக்கிறேன். நீங்க இந்த நெட்டு வேலையெல்லாம் பாப்பீங்கல்ல, கூட நில்லுங்க"ன்னா.

நான் பன்னிரண்டாவதோட நின்னவன். சொட்டுநீர்க் குழாய் அடைப்பு எடுக்கிறதுல இருந்து மோட்டார் ஸ்டார்ட்டர் மாத்தறது வரைக்கும் யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டதால ஊர்ல எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்னு ஒரு பேர். அந்தப் பேரைக் காப்பாத்தணுமே, சரின்னுட்டேன்.

முதல்ல ஜூம் போட்டுப் பார்த்தோம். இலவசக் கணக்குல 40 நிமிஷத்தோட கூட்டம் முடிஞ்சிடும். எல்லாரும் உள்ள வந்து சேரவே இருபது நிமிஷம் ஆகிற ஊர் இது. அதனால கூகுள் மீட்டுக்கு மாறினோம். அந்த வருஷம் மே மாசத்துல இருந்து ஜிமெயில் கணக்கு வெச்சிருக்கிற யாரும் அதைச் சும்மா பயன்படுத்தலாம்னு திறந்து விட்டிருந்தாங்க. பாடக் குறிப்பு, வீட்டுப்பாடம் எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும்னு கூகுள் கிளாஸ்ரூம்ல ஒரு வகுப்பு உண்டாக்கினோம். வகுப்பு உண்டாக்கும்போதே, நீ பள்ளிக்கூடத்துல மாணவர்களுக்காகப் பயன்படுத்தறியான்னு ஒரு கேள்வி வந்து நிக்கும். பள்ளிக்கூடம்னா அவங்க தனிக் கணக்கு வாங்கணும். எங்களது தெரு டியூஷன்தானேன்னு டிக் போட்டுப் போயிட்டோம்.

வகுப்பு உண்டானதும் ஒரு குறியீடு தரும். எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். பிள்ளைங்க அதைப் போட்டு உள்ள வரணும். இதுக்கே ரெண்டு நாள். ஒருத்தன் 'ஓ' எழுத்துக்குப் பதிலாப் பூஜ்யம் போட்டுட்டு, "வரல மாமா, வரல மாமா"ன்னு என் வீட்டு வாசல்ல நின்னான். எங்க சொந்தக் கணக்குல மீட் லிங்க் கிளாஸ்ரூம்லயே தானா வராது. தனியா உண்டாக்கி, அதை அங்க ஒட்டி, வாட்ஸ்அப் குரூப்லயும் போடுவோம்.

கரும்பலகைக்கு ஒரு பிளைவுட் துண்டுல சிலேட் பெயிண்ட் அடிச்சோம். போனை நிறுத்தி வைக்க, மிச்சம் கிடந்த பிவிசி குழாயும் ரெண்டு டீ ஜாயின்ட்டும் வெச்சு ஒரு ஸ்டாண்டு செஞ்சேன். முதல் நாள் ஒத்திகை பார்க்கும்போது போர்டுல எழுதினது எல்லாம் தலைகீழ், இடம் வலமாத் தெரியுது. ஐயய்யோ, எல்லாம் போச்சுன்னு அவளும் நானும் அரை மணி நேரம் போனைத் திருப்பித் திருப்பி வெக்கிறோம். அப்புறம்தான் தெரிஞ்சது, எழுதறவங்க திரையில மட்டும்தான் கண்ணாடி மாதிரித் தெரியும், பார்க்கிற பிள்ளைகளுக்குச் சரியாத்தான் தெரியும்னு. இதைப் படிக்கிறவங்களுக்காவது அந்த அரை மணி நேரம் மிச்சம்.

ஜூலை 6, திங்கட்கிழமை காலையில பத்து மணிக்கு வகுப்பு ஆரம்பிச்சது. பள்ளிக்கூடம்னா காலையிலதானே? அதுல ரெண்டாவது யோசனையே வரல.

உள்ள வந்த பேர்களைப் பார்த்தா சிரிப்பு. பிள்ளைங்க பேரே இல்லை. 'அப்பா போன்', 'முருகன் டிராக்டர்', 'ஹாய் ஹாய்'னு இருக்கு. ஒருத்தன் வீட்டுல மிக்சி ஓடுது, இன்னொருத்தி வீட்டுல மாடு கத்துது. மைக்கை அணைச்சு வெக்கச் சொல்லிக் கொடுக்கறதுலயே முதல் வகுப்பு போச்சு. ஆனாலும் அண்ணன் மகள் முகத்துல ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு தெளிச்சி.

வருகைப் பதிவு என் வேலை. நோட்டுப் போட்டு இருபத்திமூணு பேரையும் எழுதி, வந்தா பி, வரலைன்னா ஏ. போன வருஷம் பரீட்சை இல்லாம வருகைக்கும் மார்க் போட்டாங்களே, இந்தப் பிள்ளைங்களுக்கும் நாளைக்கு அப்படி வந்துட்டா, ஒழுங்கா வந்து பழகட்டும்னு ரொம்பக் கறாரா இருந்தேன். முதல் வாரம் வந்தது ஒன்பது பேர், பத்து பேர். மத்தவங்க பேருக்கு நேரா ஏ, ஏ, ஏன்னு போயிட்டே இருக்கு.

அதுல ஒரு பொண்ணு பத்தாவது. நல்லாப் படிக்கிற பிள்ளை, ஒன்பதுல வகுப்புலயே முதல் மார்க்குன்னு எல்லாருக்கும் தெரியும். எதிர்த் தெரு. அவங்கம்மா முறைக்கு எனக்குத் தங்கச்சி. வீட்டுல பெரிய போன் இருக்கு, குரூப்லயும் நம்பர் இருக்கு. ஆனா ஏழு வகுப்புலயும் அந்தப் பிள்ளை பேருக்கு நேரா ஏ.

ஏழாவது நாள் சாயந்திரம் தண்ணிக் குழாயடியில அதைப் பார்த்தேன். பத்துப் பேர் நிக்கிற இடம். "ஏம்மா, படம் பார்க்க போன் இருக்கு, படிக்க மட்டும் போன் இல்லையா? உங்க அக்கா வெயில்ல நின்னு கத்திட்டிருக்கா. ஒரு நாள் கூட எட்டிப் பார்க்க மனசு வரலையா?"ன்னு கேட்டுட்டேன். அது குடத்தைப் பார்த்துக்கிட்டே நின்னுச்சு. ஒரு வார்த்தை பேசல. பேசாம இருந்தது திமிருன்னு நினைச்சுக்கிட்டு வந்தேன்.

மறுநாள் ஜூலை 15, காமராஜர் பிறந்த நாள். பள்ளிக்கூடம் நடந்தா கல்வி வளர்ச்சி நாள்னு கொண்டாடுவாங்க. எங்க வகுப்பு வழக்கம்போல உண்டு. எனக்கு அன்னைக்குச் சின்ன வெங்காயத்துல ரெண்டாம் களை. வைகாசியில ஊன்றினது, மழை பெஞ்சு கோரை மண்டிக் கிடந்தது. எட்டுப் பொம்பளையாள் விட்டிருந்தேன். எட்டு மணிக்கெல்லாம் இறங்கிட்டாங்க. அந்தப் பொண்ணோட அம்மாவும் வந்திருந்தாங்க. கொண்டு வந்த தூக்குப் போசியையும் பையையும் வழக்கம்போல வரப்பு வேம்புக் கிளையில மாட்டியிருந்தாங்க.

சரியாப் பத்து மணி. என் சட்டைப் பையில போன் 'டிங்'குன்னு அடிச்சது. அண்ணன் மகள் குரூப்ல லிங்க் போடுறா. அதே நேரம் வேப்ப மரத்துல இருந்து ஒரு 'டிங்'.

திரும்பிப் பார்த்தேன். அடுத்து அவ, "எல்லாரும் உள்ளே வாங்க"ன்னு ஒரு செய்தி போட்டா. என் பையில ஒண்ணு, மரத்துல ஒண்ணு.

எனக்குக் கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. "யாரு போன் அது?"ன்னு கேட்டேன். அந்தத் தங்கச்சி களைக்கொத்தை வெச்சிட்டு நிமிர்ந்து, "என்னுதுண்ணே. அது அப்பப்ப அடிச்சிட்டே இருக்கும். பிள்ளைங்க குரூப்பாம்"னாங்க.

"வீட்டுல பிள்ளைகிட்டக் குடுத்துட்டு வரலாம்லம்மா?"

"அவங்கப்பா லாரியில போயிருக்காருண்ணே. போன மாசம் கிளம்பினது. எந்த ஊர்ல நிக்கிறாரோ, எப்பக் கூப்பிடுவாரோ. வழியில சாப்பாடு கூடக் கிடைக்கலேங்கிறாரு. நோய்க் காலம். எடுக்கலைன்னா பயந்துருவாரு. எனக்கும் பயம். அதான் கையோட கொண்டாந்துர்றது. சாயந்திரம் போயிப் பிள்ளைகிட்டக் குடுப்பேன். அதுக்குள்ள அங்க பாடம் முடிஞ்சிருதாம்."

சொல்லிட்டு மறுபடி குனிஞ்சுட்டாங்க. அவங்க என்னைக் குத்திக் காட்டல. முந்தின நாள் குழாயடியில நடந்ததை அந்தப் பிள்ளை வீட்டுல சொல்லவே இல்லைன்னு அப்புறம் தெரிஞ்சது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். பக்கத்துல ஆள் கூலிக் கணக்கு நோட்டையும் வெச்சுப் பார்த்தேன். அந்த ஏழு நாள்ல மூணு நாள் அவங்க என் காட்டுல. மிச்ச நாள் மேலக்காட்டுல எங்க பங்காளி வீட்டு வேலைக்கு. அதாவது, ஒரு நோட்டுல நானே அம்மாவுக்கு வேலைக்கு வந்ததாக் குறிச்சிருக்கேன், இன்னொரு நோட்டுல நானே மகளுக்கு வரலைன்னு போட்டிருக்கேன். ரெண்டும் என் கையெழுத்து. பத்து மணிக்கு அந்தப் பிள்ளையோட பள்ளிக்கூடம் என் வேப்ப மரத்துலதான் தொங்கிட்டு இருந்திருக்கு.

அன்னைக்குச் சாயந்திரமே அண்ணன் மகளையும் கூட்டிக்கிட்டு ஒவ்வொரு வீடாப் போனேன். முகத்துல துண்டைக் கட்டிக்கிட்டு வாசல்லயே நின்னு மூணே கேள்வி. வீட்டுல பெரிய போன் எத்தனை? காலையில பத்து மணிக்கு அது யார்கிட்ட இருக்கும்? எத்தனை பிள்ளைங்க அதைப் பங்கு போடணும்?

இருபத்திமூணு பேர்ல பத்தொன்பது பேர் வீட்டுல பெரிய போன் இருந்தது. காலையில பத்து மணிக்கு வீட்டுல இருந்தது பத்துதான். மத்ததெல்லாம் ஏரி வேலையில, கட்டட வேலையில, ஆடு மேய்க்கிற இடத்துல, பால் வண்டியில. ராத்திரி ஏழரைக்கு எங்க இருக்கும்னு கேட்டா, பதினெட்டு வீட்டுல இருக்கும்னாங்க. பத்துப் பேர்தான் வர்றாங்க, மத்ததெல்லாம் படிக்காததுங்கன்னு நான் ஒரு வாரமா ஏசிட்டு இருந்தேன். வந்ததுங்க எல்லாம் போன் வீட்டுல இருந்த பிள்ளைங்க, அவ்வளவுதான்.

மறுநாள்ல இருந்து வகுப்பு ராத்திரி ஏழரைக்கு மாறிச்சு. அதுக்கும் தொல்லை இல்லாம இல்லை. அண்ணன் வீட்டுக்குள்ள சிக்னல் எடுக்காது. மொட்டை மாடியிலதான் எடுக்கும். மாடியில லைட் போட்டா பூச்சி. ஒரு நாள் மழை விட்டதும் ஈசல் கிளம்பி, போர்டு முழுக்க அப்பிக்கிச்சு. அவ ஈசலைத் தட்டிவிட்டுக்கிட்டே இருபடிச் சமன்பாடு நடத்தினா. பிள்ளைங்க அதை இன்னைக்கும் சொல்லிச் சிரிக்குதுங்க. கரண்டு போனா கையில டார்ச்சு பிடிச்சு நிக்கிறது என் வேலை.

போன் இல்லாத நாலு பிள்ளைகளை எங்க வீட்டுத் திண்ணையில தள்ளித் தள்ளி உட்கார வெச்சு, என் போனை ஸ்டூல் மேல வெச்சுக் கொடுத்தேன். மாடிக்குப் போனா லைட் பிடிக்க, திண்ணைக்கு வந்தா போன் பிடிக்கன்னு ஓடிட்டு இருந்தேன்.

ஒரு நாளைக்கு 1.5 ஜிபிதான் நெட்டு. அதுல அண்ணனும் தம்பியும் பங்கு. அதனால ஒரு மணி நேரமும் நேரலையில எடுக்கிறதை விட்டோம். பாடத்தைப் பத்துப் பத்து நிமிஷத் துண்டா, படத் தரத்தைக் குறைச்சுப் பகல்லயே ரெக்கார்டு பண்ணினா. வாட்ஸ்அப்ல அப்ப வீடியோ 16 எம்பிக்கு மேல அனுப்ப முடியாது, அதனால அதை கிளாஸ்ரூம்ல ஏத்தி வெப்போம். பிள்ளைங்க போன் கைக்கு வந்ததும் எடுத்துப் பார்த்துக்கும். ஏழரைக்கு நேரலையில சந்தேகம் மட்டும், அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துலதான் அசல் படிப்பு நடந்தது. வீட்டுப்பாடத்தை நோட்டுல போட்டு, மறுநாள் காலையில போன் வெளிய கிளம்பறதுக்கு முன்னாடி வெளிச்சத்துல படம் பிடிச்சு ஏத்திடணும். ராத்திரி எடுத்த படம் ஒண்ணும் படிக்கிற மாதிரி இருக்காது.

அந்தப் பொண்ணு ராத்திரி வகுப்புக்கு முதல் நாளே வந்துச்சு. 'அம்மா'ங்கிற பேர்ல வந்துச்சு. அண்ணன் மகள், "யாருப்பா அம்மா?"ன்னு கேட்க, மைக்கைத் திறந்து தன் பேரைச் சொல்லிச்சு. ஏழு பாடம் விட்டுப்போன பிள்ளை அன்னைக்குக் கேட்ட சந்தேகம் ஆறு. பாதியில ஒரு தடவை சட்டுனு மறைஞ்சு போச்சு. நாலு நிமிஷம் கழிச்சு மறுபடி வந்து, "அப்பா கூப்பிட்டாருக்கா. வகுப்புல இருக்கேன்னு சொன்னேன், நல்லாப் படின்னு வெச்சிட்டாரு"ன்னுச்சு. அதுக்கப்புறம் அவர் ஏழரைக்கு முன்னாடியோ எட்டு மணிக்குப் பின்னாடியோதான் கூப்பிடுவாராம்.

மறுநாள் அவங்க வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்படியில. பிள்ளை வாசல்ல உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. "அன்னைக்குக் குழாயடியில நான் பேசினது தப்பும்மா. விசாரிக்காமப் பேசிட்டேன்"னேன். "பரவால்ல மாமா"ன்னுச்சு. நிமிரல. பரவாயில்லைன்னு சொன்னாலும் அது பரவாயில்லாம ஆகலைன்னு தெரிஞ்சது. பத்துப் பேர் முன்னாடி பேசினதை வாசல்ல தனியா வந்து துடைச்சா எப்படிப் போகும்? அதனால அன்னைக்குச் சாயந்திரம் குழாயடிக்கே போய், அதே பொம்பளைங்க முன்னாடி, அந்தப் பிள்ளை பேர்ல தப்பே இல்லை, போன் என் வெங்காயக் காட்டுல இருந்ததுன்னு சொன்னேன். சிரிச்சாங்க. சிரிக்கட்டும்னு வந்துட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் அது என் முகத்தைப் பார்த்து, "மாமா, லிங்க் வரல"ன்னு சொல்லிச்சு.

2021 ஜனவரி 19-ஆம் தேதி பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பள்ளிக்கூடம் திறந்தாங்க. அந்த வருஷமும் பத்தாவதுக்குப் பரீட்சை இல்லாமத் தேர்ச்சி போட்டாங்க. எழுதியிருந்தா நல்ல மார்க் வாங்கியிருக்கும், எழுதத்தான் வாய்ப்பில்லை. ஆனா பதினொன்னுல கணக்குப் பாடம் எடுத்துப் படிச்சுது. அந்த அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி வந்தப்ப, எங்க அண்ணன் மகள் தன்னார்வலரா எழுதிக் கொடுத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சாயந்திரத்துல எடுத்தா. வீடு வீடாப் போய்க் கேட்கிறது அவளுக்கு அப்ப பழக்கமாயிருந்தது.

அந்த வருகை நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. அந்த ஏழு ஏ-வையும் அடிச்சிடலாம்னு பேனாவை எடுத்தப்ப அண்ணன் மகள் தடுத்தா. "இருக்கட்டும் சித்தப்பா, அடிக்காதீங்க, பக்கத்துல காரணத்தை எழுதுங்க"ன்னா. எழுதி வெச்சிருக்கேன். 'போன் வெங்காயக் காட்டில்.'

மாப்பிள்ளைகிட்ட இதையெல்லாம் சொல்லிட்டு, "ஆப்பை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல ஒரு நோட்டுப் போட்டு, எந்த வீட்டுல எத்தனை மணிக்கு போன் இருக்கும்னு பொண்ணை விசாரிச்சு எழுதச் சொல்லுங்க. எந்த நேரத்துல நிறைய போன் வீட்டுல இருக்கோ அதுதான் வகுப்பு நேரம். வராத பிள்ளையைத் திட்டறதுக்கு முன்னாடி அம்மா எங்க வேலைக்குப் போறாங்கன்னு கேட்கச் சொல்லுங்க"ன்னேன்.

நேத்து மறுபடி போன் பண்ணினார். பொண்ணு ரெண்டு ஊர் முடிச்சிட்டாளாம், ராத்திரி எட்டு மணிதான் தோதுப்படும் போலன்னார். "விடியக்காலம் ஆறு மணிக்கும் ஒண்ணு வெக்கலாமா மச்சான்?"னு கேட்டார். அது பால் கறந்து ஊத்தற நேரம், உங்க ஊர்ல பாதிப் பிள்ளைங்க மாட்டுக்கிட்ட நிக்கும், வேணாம்னு சொல்லியிருக்கேன்.